திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம்: எட்டுக் குடும்பங்கள், ஒரு கிணறு, ஓர் ஆட்டுக்கல்

அல்லிக்கேணியான் எழுதியது:

திருவல்லிக்கேணியில் பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில், 1966 முதல் 1991 வரை நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீட்டை ஒரு தாளில் வரைந்து கொண்டிருக்கிறேன். அந்த வீடு இன்று இல்லை. அங்கே நான்கு மாடி அடுக்ககம் நிற்கிறது. கீழ்த்தளத்தில் வண்டிகளை நிறுத்தும் இடத்தில்தான் எங்கள் கிணறு இருந்திருக்க வேண்டும். என் தாயாருக்கு எண்பத்தேழு வயதாகிறது. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது அவர் நினைவில் நிற்பதில்லை. ஆனால் வாசலிலிருந்து புழக்கடை வரை எந்தப் போர்ஷனில் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு யார் காலி செய்துகொண்டு போனார்கள் என்பதைத் தடுமாற்றமின்றிச் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் வரைகிறேன்.

அகலம் குறைந்து நீளம் மிகுந்த வீடு அது. வாசலின் இருபுறமும் திண்ணை, அதைக் கடந்தால் ரேழி என்னும் இடைகழி, பிறகு வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை நோக்கித் திறக்கும் அறைகள், கடைசியில் கிணற்றடி, ஒரு குளியலறை, இரண்டு கழிப்பறைகள். எட்டுக் குடும்பங்களில் முப்பத்து நான்கு பேர் இருந்தோம். எங்கள் போர்ஷன் என்பது ஓர் அறையும், தாழ்வாரத்தில் தட்டி கட்டி மறைத்த சமையலிடமும் மட்டுமே. அதில் ஐந்து பேர். கோடையில் ஆண்களும் சிறுவர்களும் மொட்டைமாடியில் படுப்போம். நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே மாடிப்படியில் இறங்குவோம். இருட்டில் யார் கை யாரைப் பிடித்தது என்று தெரியாது.

மின்சாரத்திற்குத் தனி மீட்டர் கிடையாது. வீட்டுக்காரர் இரவு பத்து மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரேழியில் இருந்த நாற்பது வாட் விளக்கை மட்டும் எரியவிடுவார். அந்த ஒற்றை விளக்கின் கீழே ஐந்து போர்ஷன்களின் பிள்ளைகள் ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்து படிப்போம். கணக்கு வராதவனுக்கு அடுத்த போர்ஷன் அண்ணன் சொல்லித் தருவார்; அதற்காக யாரும் யாருக்கும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. சென்னையில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கினாலும், எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது ஏழாண்டுகள் கழித்துத்தான், அதுவும் வீட்டுக்காரரின் கூடத்திற்கு. வெள்ளிக்கிழமை மாலை ஒளியும் ஒலியும் தொடங்கும் நேரத்தில் அவர் மனைவி சன்னல் கதவுகளை இரண்டாகத் திறந்து வைப்பார். உள்ளே இடமில்லாதவர்கள் முற்றத்தில் நின்று பார்ப்போம்.

வரைபடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒன்றில் மட்டும் தடைப்பட்டு நிற்கிறேன். கிணற்றடிக்குப் பக்கத்தில், எட்டுக் குடித்தனத்திற்கும் பொதுவாக ஒரே ஓர் ஆட்டுக்கல் இருந்தது. வாசல் போர்ஷனில் தொடங்கி வரிசையாக முறை வைத்துக்கொண்டு அரைத்தார்கள் என்பது என் நினைவு. அம்மா “முறையெல்லாம் கிடையாது” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். இத்தகைய வீடுகளில் வாழ்ந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், தங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

கிணற்றடி எழுதியது:

ஐயா, 1979ஆம் ஆண்டு திருமணமாகித் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்கு அருகில் ஏழு குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். தங்கள் வரைபடத்தில் இடம் இருக்கிறது, நேரம் இல்லை. ஒரே கிணற்றடிதான், ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு அது பெண்களுடையது. ஆறு மணிக்கு அலுவலகம் போகும் ஆண்களுடையது, ஒன்பதுக்குத் துவைப்பவர்களுடையது, நண்பகலுக்கு மேல் கூட்டத்தில் நிற்க முடியாத முதியவர்களுடையது. அந்த வீட்டை வரைய வேண்டுமானால் நாளின் நான்கு வேளைகளுக்கு நான்கு தாள்கள் வேண்டும்.

ஆட்டுக்கல்லைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் வரிசை இருந்ததில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவளுக்குக் குழந்தை தூங்கும் நேரம், பிள்ளைப்பேறு முடிந்து வந்தவளுக்கு அடுத்தவள் சேர்த்து அரைத்துக் கொடுப்பது என்று அது அன்றன்றைக்கு முடிவாகும். ஒரு விதியை மட்டும் யாரும் மீறியதில்லை: அரைத்தவள் கல்லையும் குழவியையும் கழுவிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

எல்லோரும் அந்த நெருக்கத்தை இனிமையாக எழுதும்போது எனக்கு 1983ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. முந்தைய ஆண்டு மழை பொய்த்துப் பூண்டியும் செங்குன்றமும் வறண்டுபோயின. எங்கள் கிணற்றில் வாளி தரையில் இடித்தது. குழாயில் தண்ணீர் வரும் நாளும் நேரமும் நிச்சயமில்லை. தெருமுனை அடிபம்பில் நள்ளிரவு இரண்டு மணிக்கு வரிசை தொடங்கும். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும், குடத்துக்குப் பதில் செங்கல் நிற்கும். என் குடத்தின் கழுத்தில் பச்சை வண்ணத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். யாராவது செங்கல்லை நகர்த்திவிட்டால் தெரு முழுவதும் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சண்டை நடக்கும். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. எதிர்ப் போர்ஷன் அம்மாளுக்கும் எனக்கும் கொடியில் துணி உலர்த்தியதில் வாக்குவாதம் ஏற்பட்டுப் பத்து நாட்களாகப் பேச்சு இல்லை. ஒருநாள் அதிகாலையில் கதவைத் திறந்தால் என் பச்சைக்கோட்டுக் குடம் நிறைந்து வாசலில் இருந்தது. அதன் பிறகு எனக்குப் பிரசவமாகும்வரை ஒருநாளும் நான் அடிபம்புக்குப் போகவில்லை. அவர் என்னோடு பேசத் தொடங்கியதோ குழந்தையின் பெயர்சூட்டு விழாவில்தான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாக மணமானவர்கள் தாழ்ந்த குரலில் பேசினாலும் தட்டிக்கு அப்பால் கேட்கும். மாதத்தில் எவள் எந்த மூன்று நாட்கள் ஒதுங்கி உட்கார்ந்தாள் என்பது முப்பது பேருக்கும் தெரியும். பிறந்த வீட்டிலிருந்து வரும் கடிதத்தைத் தனியாகப் படிக்க எனக்கு ஓர் இடம் கிடைத்ததில்லை. அழுகை வந்தால் கிணற்றில் நீர் இறைக்கப் போவேன், ராட்டினத்தின் கிறீச்சிடும் ஒலியில் மற்றது கேட்காது. ஆண்பிள்ளைகளாக வளர்ந்தவர்களுக்கு மொட்டைமாடி இருந்தது. எங்களுக்கு அது வடாம் பிழியும் இடமாக மட்டுமே இருந்தது.

சேப்பாக்கம் கேலரி எழுதியது:

கிணற்றடி அம்மா சொல்வது உண்மை. அந்த மொட்டைமாடியில் வளர்ந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் என் பங்கைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இடைவெளி இல்லை. இடுப்பளவு கைப்பிடிச் சுவர்களைத் தாண்டித் தாண்டித் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தரையில் கால் படாமல் போய்விடலாம். 1986ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய கிரிக்கெட் டெஸ்டின் கடைசி நாளில், மூன்று வீட்டுக் குடித்தனக்காரர்கள் ஒரே மாடியில் ஒரே டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். வானொலியில் ஆரவாரம் கேட்டு, இரண்டு மூன்று நொடிகள் கழித்து, அதே ஆரவாரம் காற்றில் மிதந்து வந்து எங்கள் மாடியை அடையும். இலக்கு 348, இந்தியா 347 எடுத்திருந்தபோது, ஒரு பந்து மீதமிருக்க, மணிந்தர் சிங் ஆட்டமிழந்தார். வானொலியில் ஒருமுறையும் காற்றில் ஒருமுறையும் ஆக இருமுறை அந்தச் செய்தி எங்களை வந்து அடைந்தது. டெஸ்ட் சமனில் முடிந்தது என்றால் என்ன பொருள் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அங்கிருந்த பெண்களுக்கு விளக்கினார். அவர் எங்கள் வீட்டில் குடியிருந்தவர் அல்லர், மூன்றாம் வீட்டில் குடியிருந்தவர்.

1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானுடனான டெஸ்டில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் 12 ஓட்டங்களில் தோற்றோம். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள் என்பதை உலகம் அறியும். அந்தக் கைதட்டலையும் நான் அதே மொட்டைமாடியிலிருந்து கேட்டேன், ஆனால் தனியாக. அதற்குள் ஒவ்வொரு போர்ஷனிலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. வீடு இடிபடுவதற்கு ஆறாண்டுகள் முன்பே மாடி காலியாகிவிட்டது என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

எல்லிஸ் சாலை எழுதியது:

இந்த இழையில் எழுதுபவர்களில் பாதிப் பேரைப் போல நானும் கோஷா ஆஸ்பத்திரியில் பிறந்தவன்தான். எங்கள் வீட்டில் பேசுவது உருது. தெருவிலேயே முதலில் தொலைபேசி வைத்திருந்தது எங்கள் வீடு. அக்கம்பக்கத்தில் பன்னிரண்டு குடும்பங்களின் உறவினர்கள் எங்கள் எண்ணைத்தான் பி.பி. எண்ணாக, அதாவது அக்கம்பக்கத்தார் வழியாக அழைக்கும் எண்ணாகத் தங்கள் கடிதங்களில் எழுதி வைத்திருந்தார்கள். இரவில் மணி அடித்தால் அது பெரும்பாலும் சாவுச் செய்தியாகவே இருக்கும். அதைக் கொண்டுபோய்ச் சொல்லும் வேலை எனக்கு. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. என் தாயார் ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார்: “ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது, அம்மா உங்களை அழைத்து வரச் சொன்னார்கள்.” அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. நடந்து வரும் இரண்டு நிமிடங்களில் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். வீட்டில் அம்மா தண்ணீர்ச் சொம்புடன் வாசலில் நிற்பார். செய்தியை அவரே சொல்வார், அழுபவரைத் தம் தோளில் சாய்த்துக்கொள்வார். அவருடைய தமிழ் கொச்சையானது என்று பள்ளியில் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். அந்தத் தமிழில் அவர் சொன்ன ஆறுதலை நாற்பது ஆண்டுகள் கழித்தும் நினைவுகூரும் குடும்பங்கள் இருக்கின்றன.

நவாப் வாலாஜா குடும்பத்தார் 1795ஆம் ஆண்டு கட்டிய பெரிய பள்ளிவாசலில், கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை எழுதியவர் மக்கன்லால் என்ற இந்து அறிஞர். அதே பள்ளிவாசலில் ரமலான் மாதத்தில், மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்தைச் சேர்ந்த தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக நோன்பு திறக்கும் உணவைக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குப் பாத்திரத்துடன் வரும் பிள்ளைகளில் யார் எந்தச் சமயம் என்று எங்கள் சிறுவயதில் கேட்டவர்கள் இல்லை.

இவ்வளவும் உண்மை என்பதாலேயே அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 1984ஆம் ஆண்டு எங்கள் வீடு பாகப்பிரிவினையில் போனபோது என் தந்தை வேறு வீடு தேடினார். கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ‘டு லெட்’ பலகை தொங்கிய வீடுகளில் பெயரைக் கேட்டதும் “நேற்றுத்தான் பேசி முடித்தோம்” என்றார்கள். மறுவாரமும் பலகை தொங்கியது. எங்கள் பக்கத்துத் தெருக்களிலும் வேற்று மதத்தாருக்கு வீடு கொடுக்காதவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். ஒரு தெருவில் எல்லோரும் ஒருவரோடொருவர் ஒட்டி வாழ முடிந்ததற்கு, யாரை உள்ளே விடுவது என்பது வாசலிலேயே முடிவாகிவிட்டதும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். அல்லிக்கேணியான் அவர்களே, தங்கள் எட்டுக் குடித்தனங்களில் எத்தனை வகையினர் இருந்தார்கள்?

அல்லிக்கேணியான் எழுதியது:

நண்பரே, எட்டும் ஒரே வகுப்பினர்தான். வீடு பார்க்க வந்தவர்களிடம் வீட்டுக்காரர் முதலில் கோத்திரத்தைக் கேட்பார், பிறகுதான் முன்பணத்தைப் பற்றிப் பேசுவார். ரேழியில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தோன்றியதில்லை. தங்கள் தந்தையார் ஏறி இறங்கிய வாசல்களில் எங்கள் வாசலும் ஒன்றாக இருந்திருக்கக்கூடும். நான் வரையும் தாளில் அந்த வாசலைச் சற்று அழுத்தமான கோட்டில்தான் வரைய வேண்டும்.

கடலோரத்தாள் எழுதியது:

நான் மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவள். திருவல்லிக்கேணி எங்களுக்குக் கூப்பிடு தூரம். என் பாட்டி ஜாம்பஜாரில் மீன் விற்றார். கோயில் தெருக்கள் வழியாகக் கூடையைக் கொண்டுபோக மாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார். பார்த்தசாரதிப் பெருமாள் சித்திரை உற்சவத்தில் புறப்படும்போது நாங்களும் வந்து கும்பிட்டிருக்கிறோம், ஆனால் தெருவோடு திரும்பிவிடுவோம். அந்த வீடுகளின் உள்ளே முற்றம் இருக்கும், கிணறு இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி வந்தபோது, தங்கையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து மேற்கே ஓடினேன். எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு சந்தில் நின்றபோது, ஒரு பழைய வீட்டின் வாசலில் இருந்த வயதான அம்மாள் எங்கள் நனைந்த துணியைப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். அன்றுதான் முதன்முதலாக ஒரு ரேழியைக் கடந்தேன். முற்றத்தில் நாற்பது பேராவது உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு புடவை, ஒரு போர்வை, ஒரு டம்ளர் காப்பி என்று வந்துகொண்டே இருந்தது. யார் வீட்டு அடுப்பில் எது வெந்தது என்று தெரியவில்லை. யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. அவ்வளவு பேருக்கு அவ்வளவு விரைவாகச் செய்ய அவர்கள் முன்பே பழகியிருந்தார்கள் என்பதை இந்த இழையைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். எங்கள் குப்பத்திலும் அப்படித்தான்; ஒரு வீட்டில் உலை ஏறாவிட்டால் நான்காவது வீட்டுக்குத் தெரிந்துவிடும். இத்தனை ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் நாங்கள் அந்த வாசலுக்குள் போவதற்குக் கடல் வர வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மெட்ராஸ் டெரஸ் எழுதியது:

வீட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையாக ஒரு சொல். அந்த வீடுகள் மறைந்ததற்கு மனிதர்களின் மனம் சுருங்கியதே காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்; அது முழு உண்மையன்று. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவர்களைத் திடீர் வெளியேற்றத்திலிருந்து காத்தது, அது தேவையானதும்கூட. ஆனால் அதே சட்டத்தின் கீழ் எங்கள் வீட்டில் ஒரு போர்ஷனின் வாடகை 1985ஆம் ஆண்டிலும் நாற்பது ரூபாயாகவே நின்றது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இழைத்த மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகத் தொடங்கினால், அதைச் சரிசெய்யும் கொத்தனாருக்குக் கொடுக்க ஓராண்டு வாடகை போதாது. கூரை ஒழுகியது, குடித்தனக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள், என் தந்தை நீதிமன்றத்திற்கும் வீட்டுக்கும் நடந்தார். அவர் காலமானபின் ஐந்து வாரிசுகள் அந்த நீள வீட்டைப் பிரிக்க வழியில்லாமல், கட்டுமானக்காரரிடம் கொடுத்துவிட்டோம். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் தெருவில் அது காப்பாற்றுவதற்கு இரண்டே வீடுகள் எஞ்சியிருந்தன. கடைசிக் குடித்தனக்காரர் புறப்பட்ட அன்று என் தாயார் அவர்களுக்குப் பயணச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். பதினோரு ஆண்டுகள் எங்களோடு வழக்காடியவர்கள் அவர்கள்.

அடுக்ககத்துப் பெண் எழுதியது:

நான் 1996இல் பிறந்தவள், வளர்ந்ததெல்லாம் அடுக்ககத்தில். ஒரு கேள்வி மட்டும். கிணற்றடி அம்மா, இன்று அப்படியொரு வீடு கிடைத்தால் திரும்பிப் போவீர்களா?

கிணற்றடி எழுதியது:

போக மாட்டேன், மகளே. எனக்கென்று தாழ்ப்பாள் உள்ள ஒரு குளியலறை கிடைத்தது என் நாற்பத்தொன்றாம் வயதில். அதை விட்டுத்தர மாட்டேன். ஆனால் போன ஆண்டு நான் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒன்றரை மணிநேரம் எழ முடியாமல் கிடந்தபோது, அந்தத் தாழ்ப்பாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வீட்டில் நான் குடத்தைக் கீழே வைக்கும் ஓசை மாறினாலே எதிர்ப் போர்ஷன் அம்மாள் எட்டிப் பார்த்திருப்பார்.

அல்லிக்கேணியான் எழுதியது:

தங்களுக்கு இப்போது உடல்நலம் சீராக இருக்கும் என்று நம்புகிறேன், அம்மா. தாங்கள் முதலில் எழுதியதை நேற்று மாலை என் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நேரத்திற்கொரு தாள் வேண்டும் என்ற இடம் வந்ததும் அவர் என்னை நிறுத்தி, “நீ கேட்டது காலை வேளையையா, மாலை வேளையையா?” என்றார். நான் வரிசை என்று நினைத்திருந்தது மாலையில் மட்டும் நடந்ததாம். விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை அந்த ஆட்டுக்கல்லை ஏழு வீட்டுப் பெண்களும் தொடமாட்டார்களாம். கிணற்றடியை ஒட்டிய மூலைப் போர்ஷனில் கணவரை இழந்த ஒரு பெண்மணி, இரண்டு பிள்ளைகளுடன் இருந்தார். அருகிலிருந்த ஒரு மெஸ்ஸுக்குக் கூலிக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துத்தான் அவர் பிழைத்து வந்திருக்கிறார். அவருக்குக் கல்லை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் கூடிப் பேசவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரிவிக்கவில்லை. மாலையில் அரைத்தால்தான் மாவு நன்றாகப் புளிக்கும் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவே. “அவளுக்கு அது சோறு, நமக்கு அது பலகாரம்” என்றார் அம்மா. இரவு மொட்டைமாடியில் தூங்கும்போது கீழிருந்து வந்த அந்தச் சீரான ஓசையை நான் ஏதோ இயந்திரத்தின் ஓசை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பெயரைக் கேட்டேன். அம்மா வெகுநேரம் யோசித்தார். பெயர் நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் மூலைப் போர்ஷன் மாமி என்றே அழைத்தோம் என்றார். ஆகவே அதிகாலைக்கென்று தனியாக எடுத்துக்கொண்ட தாளில், கிணற்றுக்குக் கிழக்கே ஒரு சிறிய வட்டம் போட்டு, அதனருகில் அப்படியே எழுதியிருக்கிறேன்.